நம்ம முறை வந்துருச்சா?

சிவமயம்

காரைக்குடி,
வைகாசி 20.

அன்பு மகள் மீனாவுக்கு அப்பச்சி எழுதுவது.

இங்கே நான் சௌக்கியம். உன் ஆத்தா அங்கே உன்னிடம் வந்திருப்பதால் வீடுதான் வெறிச்சென்று இருக்கிறது. வளவில் காயப்போட்ட வடகத்தைச் சாயங்காலம் நானே எடுத்து வைக்கிறேன். அவளிடம் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் "ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்வாள். நீதான் எனக்கு உள்ளபடி எழுத வேண்டும்.

ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டு போவதற்கு நீ போட்டு அனுப்பிய திட்டத்தை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, நாலு நாளாக முகப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் பாதியில் பேரன் கதிர் வந்து போனைப் பிடுங்கிக்கொள்கிறான். அவன் குரலைக் கேட்டதும் எனக்கும் சொல்ல வந்தது மறந்து போகிறது. அதனால் எழுதிவிடுகிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி இதைப் போட்டோ எடுத்து உனக்கு இன்றைக்கே அனுப்புவான். அசல் தபாலில் பின்னால் வரும்.

மேஜிக் கிங்டம் பூங்காவுக்குப் போகிற நாளுக்கு, நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறக் காசு கொடுத்து எடுக்கிற லைட்னிங் லேன் முன்பதிவு மூன்றையும் காலை 9, 10, 11 என்று வைத்திருக்கிறாய். அது வேண்டாம் மீனா. காலையில் வரிசை சின்னதாகத்தான் இருக்கும். அதுவும் நீங்கள் டிஸ்னி ஹோட்டலிலேயே தங்குகிறீர்கள். மற்றவர்களுக்கு 9 மணிக்குத் திறந்தால் உங்களை அரை மணி முன்னாலேயே உள்ளே விடுவார்கள். காலி வண்டிக்கு யாராவது முன்பதிவு செய்வார்களா?

டிப்போவில் 31 வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்து நான் பார்த்தது இது ஒன்றுதான். பிள்ளையார்பட்டி சதுர்த்திக்கு ஸ்பெஷல் பஸ் விடுவோம். விடியற்காலை 5 மணி நடையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், ஜன்னல் ஓரமாகப் பார்த்து உட்கார்ந்து போவார்கள். 10 மணி நடையில் படியில் தொங்குவார்கள். சாமி ஒன்றுதான், தூரமும் ஒன்றுதான். எல்லாரும் குளித்து, பலகாரம் சாப்பிட்டு, ஒரே நேரத்தில் கிளம்புவதுதான் காரணம். அமெரிக்காவிலும் ஜனங்கள் காலையில் மெதுவாகத்தான் கிளம்புவார்கள் போலிருக்கிறது. 11 மணிக்கு மேல் ஏறுகிற கூட்டம் சாயங்காலம் வரைக்கும் இறங்குவதில்லை என்று நீ அனுப்பிய விவரத்திலேயே இருக்கிறது.

அதனால் முதல் அரை மணியில் ஓடிப்போய் செவன் டுவார்ஃப்ஸ் ரயிலில் ஏறிவிடுங்கள். அதற்கு 97 செ.மீ. உயரம் வேண்டுமாம். கதிர் 99 என்று எழுதியிருக்கிறாய். இன்னொரு தடவை சுவரோரம் நிற்க வைத்து அளந்து பார். அங்கே போய் வாசலில் அளந்து திருப்பி அனுப்பினால் பிள்ளை மனசு விட்டுப்போகும்.

மாப்பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முதலில் எடுத்த மூன்றில் ஒன்றைப் பயன்படுத்திய பிறகுதான் அடுத்ததை எடுக்க முடியும், அதனால் ஒன்றைச் சீக்கிரம் முடித்துவிடுவது நல்லது என்கிறார். சரி, ஒன்றை மட்டும் 10.30க்கு வைத்துக்கொள்ளுங்கள். வின்னி த பூ மாதிரி, கதிர் பயப்படாத ஒன்றாக இருக்கட்டும். அதை முடித்ததும் நாலாவதை எடுக்கும் வழி திறந்துவிடும். மற்ற இரண்டையும் சாயங்காலத்துக்குத் தள்ளிவிடு.

காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறதே என்று மாப்பிள்ளை வருத்தப்பட்டதாகச் சொன்னாய். 1999இல் இதைத் தொடங்கியபோது ஃபாஸ்ட்பாஸ் என்று பெயர், இலவசம்தான். மெஷினில் டிக்கெட்டை விட்டால் எத்தனை மணிக்குத் திரும்பி வரலாம் என்று ஒரு காகிதம் வரும். 2021இல்தான் காசாக்கினார்கள். 2024 ஜூலையில் இப்போதைய பெயர்களை வைத்தார்கள். அன்றைக்கன்றைக்கு விலை மாறும். எல்லா நாளுக்கும் வாங்க வேண்டாம். மேஜிக் கிங்டம் நாளுக்கு மட்டும் வாங்குங்கள், பிள்ளைகள் ஏறக்கூடியது அங்கேதான் அதிகம். ட்ரான் என்கிற ரோலர் கோஸ்டருக்குத் தனியாக சிங்கிள் பாஸ் வேண்டும், 122 செ.மீ. உயரமும் வேண்டும். வீட்டில் பாதிப் பேர் ஏற முடியாததற்குத் தனிக் காசு எதற்கு என்பது என் அபிப்பிராயம். பேத்தி உமையாள் பிடிவாதம் பிடித்தால் மாப்பிள்ளை முடிவு செய்யட்டும்.

எதற்கு முன்பதிவு எடுப்பது என்பதுதான் பெரிய விஷயம். நீ பேரைப் பார்த்து எடுத்திருக்கிறாய். ஒரு தடவைக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பைரேட்ஸ் படகில் வரிசை வரிசையாகப் பெஞ்சு, ஒரு படகிலேயே ஏகப்பட்ட பேர் போய்விடுவார்கள். வாசலில் கூட்டம் தெரிந்தாலும் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். பீட்டர் பான் அப்படியில்லை. மேலே தொங்குகிற சின்னக் கப்பல், ஒன்றில் இரண்டு மூன்று பேர்தான். மூன்று நிமிஷம்கூட முழுசாக ஓடாததற்கு நாள் முழுக்க வரிசை குறையாமல் நிற்பது இதனால்தான். மதுரைக்குப் போகிற பெரிய வண்டிக்கு முன்னால் நூறு பேர் நின்றால் நான் கவலைப்பட்டதே இல்லை. உள்ளூர் மினி பஸ்ஸுக்கு முப்பது பேர் நின்றால்தான் எழுந்து வெளியே வருவேன்.

மேஜிக் கிங்டத்தில் முன்பதிவுக்கு இரண்டு பட்டியல் வைத்திருக்கிறார்கள். முதல் பட்டியலில் ஒன்றுதான் எடுக்கலாம், இரண்டாவது பட்டியலில் இரண்டு. அந்த ஒன்றுக்கு நீ திட்டத்தில் ஸ்பேஸ் மவுன்டன் ரோலர் கோஸ்டரைப் போட்டிருக்கிறாய். அதை மாற்றி பீட்டர் பான் எடு. ஸ்பேஸ் மவுன்டனுக்கு 112 செ.மீ. வேண்டும், கதிர் ஏற முடியாது. பீட்டர் பானுக்கு உயரக் கணக்கே கிடையாது, அக்காளும் தம்பியும் ஒரே கப்பலில் உட்காரலாம். அந்தப் போட்டோ எனக்கு வேண்டும். ஸ்பேஸ் மவுன்டனுக்கு ராத்திரி வாணவேடிக்கை முடிந்த பிறகு மாப்பிள்ளையும் உமையாளும் சும்மா வரிசையில் போய் நிற்கட்டும். சின்னப் பிள்ளைக்காரர்கள் எல்லாம் அந்நேரம் வெளியே நடையைக் கட்டியிருப்பார்கள். மூடுகிற நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் வரிசையில் சேர்ந்தால்கூட ஏற்றிவிடுவார்களாம். உனக்கும் ஆசையிருந்தால் ரைடர் ஸ்விட்ச் என்று வாசலில் கேள். மாப்பிள்ளை போய் வரும்வரை நீ கதிரோடு இருந்துவிட்டு, அவர் வந்ததும் முழு வரிசையும் திரும்ப நிற்காமல் நீ போகலாம்.

இனி மழை. நீங்கள் போவது ஜூன் கடைசி. ஃப்ளோரிடாவில் கோடையில் மத்தியானத்துக்கு மேல் இடியும் மின்னலுமாக அடிக்கடி கொட்டும். மின்னல் கிட்டத்தில் வந்தால் வெளியில் ஓடுகிறவற்றை எல்லாம் நிறுத்திவிடுவார்கள். செவன் டுவார்ஃப்ஸும் நிற்கும். அப்போது கூட்டம் முழுக்கக் கூரை உள்ள இடங்களுக்குள் ஓடிவரும். அதனால்தான் சாயங்காலத்துக்கு எடுப்பது இரண்டும் கூரைக்குக் கீழே இருப்பதாகப் பார்த்து எடுக்கச் சொல்கிறேன். பீட்டர் பான் உள்ளேதான். 'பஸ் லைட்இயர்' என்கிற சவாரியும் உள்ளேதான். வெளியில் இருப்பதை எல்லாம் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

ஏன் இத்தனை சொல்கிறேன் என்றால், உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு ஒரு நாள் மறக்கவில்லை. உனக்கு அப்போது 5 வயது. மெட்ராஸில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, மறுநாள் உன்னை ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். காலையில் அவசரமில்லாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம். நீ கேட்ட அந்தச் சின்ன ரயிலுக்கு வரிசையில் நின்றபோது மணி பன்னிரண்டரை. தகரக் கொட்டகை. இரும்புக் குழாய்த் தடுப்பைத் தொட முடியவில்லை, அப்படிச் சுட்டது. நீ என் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, பெரிய முள் எங்கே வந்தால் நம்ம முறை என்று கேட்டாய். ஆறில் வந்தால் என்றேன். ஆறில் வந்தது. பன்னிரண்டு என்றேன். பன்னிரண்டிலும் வந்தது. அப்புறம் நீ கேட்கவில்லை. தோளில் சாய்ந்தாய், என் சட்டைக் காலர் உன் வேர்வையில் நனைந்தது. எங்கள் முறை வந்தபோது நீ நல்ல தூக்கம். எழுப்பிப் பார்த்தேன், தலை அப்படியே மறுபக்கம் சாய்ந்தது. கேட்டில் நின்றவர் என்னைப் பார்த்தார். நான் திரும்பி, அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு, வந்த வழியே வெளியே வந்தேன்.

விழுப்புரம் தாண்டிப் பஸ்ஸில் நீ கண் விழித்து, "அப்பச்சி, நம்ம முறை வந்துருச்சா?" என்று கேட்டாய். நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

வேலை நாள் முழுக்க மற்றவர்களுக்கு நேரம் பார்த்துக் கொடுத்தவன் நான். என் பிள்ளைக்கு அன்றைக்குப் பார்க்கவில்லை. கதிருக்கு அப்படி ஆகக்கூடாது.

அவன் மத்தியானம் 1 மணிக்குத் தூங்குகிற பிள்ளை. நீ திட்டத்தில் 12 முதல் 4 வரை "மற்றவை" என்று போட்டிருக்கிறாய். அந்த மற்றவையை அடித்துவிடு. 12 மணிக்கு எல்லாரும் வெளியே வந்து ஹோட்டல் பஸ்ஸைப் பிடியுங்கள். நம்ம ஊரிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? இருட்டோடு கிளம்புகிறார்கள், வெயில் ஏறினால் தங்கல் போடுகிறார்கள், வெயில் தாழ்ந்தால் மறுபடி நடக்கிறார்கள். அத்தனை நாள் நடக்க முடிவது அதனால்தான். அவன் தூங்கட்டும். நீ பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டே போனில் சாயங்காலத்துக்கு அடுத்ததை எடுத்துவிடலாம், அதற்குப் பூங்காவுக்குள் இருக்க வேண்டியதில்லை. 4.30க்குத் திரும்பப் போனால் 5 மணிக்கு மேல் பீட்டர் பான், 6 மணிக்கு மேல் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் அவகாசம் இருக்கிறது, ஓட வேண்டாம்.

ஆத்தா விஷயம். பீட்டர் பானில் ஏறுகிற இடத்தில் தரை நகர்ந்துகொண்டே இருக்குமாம், நிறுத்த மாட்டார்களாம். அவள் ஏற வேண்டாம். எதிரிலேயே ஸ்மால் வேர்ல்ட் படகு இருக்கிறது. அது நின்று ஏற்றும், ஆள் நிறையப் போகும், குளிர்ச்சியாகவும் இருக்கும். கையைப் பிடித்து இறக்கி உட்கார வை. வாசலில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது. வேண்டாம் என்பாள், கேட்காதே, எடுத்துவிடு. அப்புறம் அங்கே ஒரு குதிரை ராட்டினம் இருக்கிறதே, அது 1917இல் செய்ததாம். மரக் குதிரைகள். நம்ம வீட்டு முகப்பில் பர்மா தேக்குத் தூண் நிறுத்தியதும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். அதை அவளுக்குக் காட்டு. குதிரையில் ஏற வேண்டாம், நடுவில் ரதம் மாதிரி இருக்கை உண்டு, அதில் உட்காரட்டும். அவளுக்கு மரவேலை பார்க்கப் பிடிக்கும்.

பையில் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், வெளித் தின்பண்டத்தை உள்ளே விடுகிறார்கள், கண்ணாடி பாட்டில்தான் கூடாது. ஆத்தா கொண்டுவந்த டின்னில் மீதம் இருக்குமா என்று பார்.

ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு, போய் இறங்கும் நாளுக்கு 7 நாள் முன்னால் காலை 7 மணிக்கு முன்பதிவு திறக்கிறது. மற்றவர்களுக்கு 3 நாள் முன்னால்தான். அந்த நாலு நாள் உங்களுக்கு லாபம், அதை விட்டுவிடாதே. உங்கள் காலை 7 மணி எங்களுக்குச் சாயங்காலம் 4.30. 6.45க்கே எழுந்து, எல்லார் பெயரும் டிஸ்னி ஆப்பில் சேர்ந்திருக்கிறதா, கார்டு நம்பர் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள். 4.15க்கு நான் உனக்குப் போன் அடிக்கிறேன். வடகத்தை அன்றைக்கு முன்னாலேயே எடுத்து வைத்துவிடுவேன்.

நேரம் கிடைக்காமல் தள்ளிப் போனால் பதறாதே, பின்னாலும் அதில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கதிர் 4.30க்கும் எழுந்திருக்கவில்லை என்றால் அவனை எழுப்பாதே. பீட்டர் பானை 7 மணிக்கு மாற்றிவிடு.

இப்படிக்கு,
அப்பச்சி.

பி.கு.: உமையாள் கேட்ட சின்ன மரப் பல்லாங்குழி கிடைத்துவிட்டது. ஒரு குழியில் விரிசல் இருந்தது, ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன். சோழி எண்ணி வைத்திருக்கிறேன்.