நாய்க்குட்டி வீட்டுக்குள்ளேயே உச்சா போகிறதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "வீடு பூரா உச்சா போய் வைக்குது, அடிக்க ஏதாவது ஸ்ப்ரே இருக்கா?" என்று கேட்காத ஆள் எங்கள் கடையில் குறைவு. ஸ்ப்ரே இருக்கிறது, விற்கிறோம். ஆனால் நேரம் பார்த்துக் குட்டியை வெளியே தூக்கிப்போக ஆள் இல்லாத வீட்டில் அது வீண் செலவு.

இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு, மூன்று மணி நேரம் அடக்கினாலே பெரிது. விளையாட்டு மும்முரத்தில் அதுவும் முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி, அரை மணிக்குள்ளும், ஓடியாடி முடித்ததும் கட்டாயம் போகும். பந்தைக் கடித்துக்கொண்டிருந்தது திடீரென அதை விட்டுவிட்டுத் தரையை மோந்தபடி வட்டமடிக்கிறதா? கூப்பிடாதீர்கள், தூக்குங்கள். தினமும் அதே இடத்துக்குக் கொண்டுபோங்கள். போய் முடித்த அந்த நொடியே, அங்கேயே, ஒரு துண்டு வேகவைத்த கோழி. வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்தது என்றுதான் எடுத்துக்கொள்ளும். அப்புறம், முடித்த கையோடு உள்ளே இழுத்து வராமல் கொஞ்சம் விளையாட விடுங்கள். இல்லாவிட்டால், போனால் வெளியே இருப்பது முடிந்துவிடும் என்று கண்டுகொண்டு அடக்கி வைத்திருந்து உள்ளே வந்து போகும்.

வெளியே என்றால் தெருமுனை அல்ல. தடுப்பூசிகள் முழுதாக முடியாத குட்டிக்குப் பார்வோ வைரஸ் (கடும் வாந்தியும் பேதியும் தரும் கிருமி) ஆபத்து. மற்ற நாய்கள் புழங்கும் மண்ணிலிருந்தே தொற்றும். அதுவரை மொட்டைமாடி, இல்லையென்றால் பால்கனியில் மணலோ புல்லோ போட்ட ஒரு தட்டு போதும். எப்போது தெருவில் இறக்கலாம் என்பதை ஊசி போடும் டாக்டரிடம் கேளுங்கள்.

மிதியடி மேலேயே போகிறது என்பது அடுத்த புகார். சின்ன வயதில் காலுக்குக் கீழே எது இருந்ததோ, அதைத் தேடித்தான் குட்டி போகும். துணியில் வளர்ந்தது மிதியடியைத் தேடும். பேப்பரில் வளர்ந்தது, நீங்கள் படித்துவிட்டு சோபா பக்கம் போட்ட தினசரியை விடாது. பழகும்வரை இரண்டையும் தரையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சுத்தம் செய்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபினாயில் வாசனையில் நமக்கு நாற்றம் தெரியாது, குட்டியின் மூக்குக்குத் தெரியும். முதலில் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு என்சைம் கிளீனரை (சிறுநீர் நாற்றத்தைச் சிதைத்து நீக்கும் திரவம்) ஊற்றி, பாட்டிலில் சொன்ன நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். கறுப்பு ஃபினாயில் வேண்டவே வேண்டாம். தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கினால் அது வயிற்றுக்குள்தான் போகும். சிறுநீர் மேல் பிளீச்சிங் பவுடரும் போடாதீர்கள், கிளம்பும் நெடி உங்களுக்கே ஆகாது.

மூக்கைத் தேய்ப்பது, பேப்பரைச் சுருட்டி அடிப்பது எல்லாம் பழைய காலத்து வைத்தியம். அதில் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றுதான்: உங்கள் கண் முன்னால் போகக்கூடாது. அடுத்த தடவை கட்டிலுக்கு அடியில் போகும். வெளியே கூட்டிப்போனாலும் நீங்கள் பக்கத்தில் நிற்கும்வரை போகாது. தலையைத் தொங்கப்போட்டு நிற்பதைப் பார்த்து "தப்புன்னு தெரியுது பார்" என்பார்கள். அது உங்கள் குரலுக்குப் பயந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

விருந்தாளி குனிந்து தலையைத் தடவும்போது சொட்டுச் சொட்டாக விடுவது வேறு கதை. அது பணிவும் பரபரப்பும் சேர்ந்தது. குனியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து கொஞ்சச் சொல்லுங்கள். பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும்.

உச்சா குறையட்டும் என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைப்பவர்களும் உண்டு. நம் ஊர் வெயிலில் அது கூடவே கூடாது. நன்றாகப் பழகிய நாய் திடீரென வீட்டுக்குள் போக ஆரம்பித்தாலோ, முக்கி முக்கிச் சொட்டு விட்டாலோ, ரத்தம் கலந்தாலோ, வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடித்தாலோ எங்களிடம் வராதீர்கள், நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

பேட் (குட்டி உச்சா போகத் தரையில் விரிக்கும், ஈரம் உறிஞ்சும் விரிப்பு) வாங்குகிறவர்கள் முதலில் சின்ன பாக்கெட்டே எடுங்கள். சில குட்டிகள் அதில் போவதைவிட அதைக் கிழிப்பதில்தான் குறியாக இருக்கும். பிரிக்காத பாக்கெட் என்றால் பில்லோடு கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம்.

அன்புடன்,
கடைக்காரர்கள்