வழக்கறிஞர் இலவசம், தாள்கள்தான் செலவு: படைவீரர் குடும்பங்களின் சட்ட உதவிக்கு நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், பணியில் இருக்கும் பிள்ளைகளுக்கும், முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கும் வணக்கம்.

வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே பலர் அழைக்கிறார்கள். அப்படிப்பட்ட மாவட்டத்தில், கணவரை இழந்த பெண் ஒருவர் குடும்ப ஓய்வூதியத்துக்காக ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அலைவது அன்றாடக் காட்சியாகிவிட்டது. எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தின் சட்ட உதவிக் குழு உங்களிடம் கை நீட்டுவது அந்தப் பைக்காகத்தான்.

‘சட்ட உதவிதான் இலவசமாகக் கிடைக்கிறதே, எதற்கு நன்கொடை?’ என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் அரசே வழக்கறிஞரைத் தருகிறது. 2025 ஜூலையில் படைவீரர் நல அலுவலகங்களில் சட்ட உதவி மையங்கள் அமைக்கும் திட்டத்தையும் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடங்கியது. வரவேற்கிறோம். ஆனால் வழக்கறிஞர் முன் உட்கார்ந்ததும் அவர் கேட்பது தாள்களை. அவை வீட்டில் இருப்பதில்லை.

மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் ஆவணக் காப்பகம் வெலிங்டனில்; மெட்ராஸ் சாப்பர் எனும் பொறியாளர் படை என்றால் பெங்களூரில்; தகவல்தொடர்பு பார்க்கும் சிக்னல் படை என்றால் ஜபல்பூரில்; பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோட்டில். மருத்துவக் குழுவின் அறிக்கை வேண்டுமென்றால் அங்கே எழுத வேண்டும், அதுவும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ. போதாததற்குப் பெயர்க் குழப்பம். பணிப் பதிவேட்டில் மனைவி ‘செல்வி’, ஆதாரில் ‘கு. செல்வி’, வங்கியில் ‘செல்வி குமார்’. நம் ஊருக்கு இனிஷியல் போதும்; ஓய்வூதியம் வழங்கும் ஸ்பர்ஷ் கணினிக்குப் போதாது. மூன்றும் ஒருவர்தான் என்று நிரூபிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

ஓடும் மாதங்கள் பணமாகவே கழிகின்றன. ஓய்வூதியம் இல்லை என்ற மறுப்பு ஆணை வந்த 6 மாதத்துக்குள், படைவீரர் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும் என்பது பொது விதி. ஓய்வூதியம் மாதந்தோறும் வர வேண்டிய தொகை என்பதால் தாமதமான மனுக்களையும் ஏற்பதுண்டு. ஆனால் நிலுவையைப் பெரும்பாலும் மனுவுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு மட்டுமே தருகிறார்கள். 10 ஆண்டு பொறுமையாக இருந்தவர் 7 ஆண்டுப் பணத்தை விட்டுக்கொடுக்கிறார். பொறுமைக்கு இப்படியொரு தண்டனை!

வேதனை என்னவென்றால், சட்டம் பெருமளவு நம் பக்கமே நிற்கிறது. ஊன ஓய்வூதிய வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: பணியில் சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படாதவர் பின்னர் நோயால் வெளியேற்றப்பட்டால், அந்த நோய் பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும். மறுப்பவர்தான் காரணம் காட்ட வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. இதை அறியாமலே ‘பணியால் ஏற்பட்டதல்ல’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். பணியில் உள்ளவர்களுக்கும் ஒன்று: எல்லையில் மகன் இருக்கும்போது ஊரில் நிலத்தகராறு வழக்கு வந்தால், அவர் வர முடியாத நிலையைச் சான்றளித்து வழக்கை நிறுத்திவைக்க 1925ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்றும் வழி தருகிறது. ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

எனவே நாங்கள் கேட்பது வழக்கறிஞர் கட்டணம் அல்ல. மாதம் 30,000 ரூபாய், ஓராண்டுக்கு 3,60,000 ரூபாய். அதில் பாதி, ராணுவக் கோப்புகளைப் படிக்கத் தெரிந்த முழுநேர எழுத்தர் ஒருவருக்கான ஊதியம். மீதி நகல், விரைவுத் தபால், மொழிபெயர்ப்பு, உறுதிமொழிப் பத்திரம், சென்னைத் தீர்ப்பாயத்துக்குப் போய்வரும் செலவு. விசாரணை தள்ளிவைக்கப்பட்டாலும் பஸ் கட்டணம் குறைவதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நிலுவைத் தொகையில் பங்கு கேட்கும் இடைத்தரகர்கள் இப்போதே வீடு வீடாக வருகிறார்கள். எங்கள் குழு வென்ற பணத்தில் ஒரு ரூபாயும் வாங்காது. குடும்பத்தார் மனமுவந்து கொடுத்தாலும் வழக்கு முடிந்து ஓராண்டு வரை அவர்களிடம் நன்கொடை பெறுவதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். ஜெயிப்போம் என்ற வாக்குறுதியும் யாருக்கும் தர மாட்டோம்.

50 ரூபாயானாலும் சங்க அலுவலகத்தில் கொடுத்து எண்ணிட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீது தராமல் யாரும் உங்களிடம் வசூலிக்க அனுமதியில்லை. வருமான வரிச் சலுகைக்கான பதிவு எங்களிடம் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வரவு செலவு மாதந்தோறும் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். உதவி பெற்றவர்களின் பெயர் மட்டும் அதில் இருக்காது.

பணம் தர இயலாதவர்களில், ஆவணக் காப்பகங்களில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் இருந்தால் வாரத்தில் ஒரு காலைப்பொழுதைத் தாருங்கள். எந்தக் கடிதத்தை எந்தப் பிரிவுக்கு எழுதினால் பதில் வரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
சட்ட உதவிக் குழுவினர்