முதலில் மலை, பிறகு கடல்

அன்பின் மகளுக்கு,

எகிப்தில் இருக்கிற ஷார்ம் எல் ஷேக் போவதற்கு விமானச் சீட்டு எடுத்துவிட்டாய் என்றதும் வீட்டில் இரண்டு பேருக்கும் இரண்டு விதமான சந்தோசம். அம்மாவுக்கு சீனாய் மலை. மோயீசன் பத்துக் கட்டளை பெற்ற மலையில் தன் பிள்ளை ஏறப்போகிறாள் என்று கோயிலடி முழுக்கச் சொல்லித் திரிகிறா. எனக்கு நீ சுழியோடப் பழகியது. முல்லைத்தீவுக் கடலில் சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்கியவன் நான். எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளை அந்த வேலைக்கு யாரும் விட்டதில்லை. நீ சிலிண்டர் கட்டி இறங்குகிறாய் என்று நினைக்க நெஞ்சு நிறைகிறது.

ஆனால் உன் பயண ஒழுங்கில் ஒரு இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று நாள் கடல், மூன்றாம் நாள் பின்னேரம் மூன்று மணிக்குக் கடைசி இறக்கம், அன்றிரவே பஸ் ஏறி மலைக்கு. வேண்டாம் மகள். சீனாய் மலை உச்சி 2,285 மீற்றர். பின்னேரம் மூன்றுக்கு மேலே வந்தவள் விடிய ஐந்துக்கு உச்சியில் நின்றால் இடையில் 14 மணித்தியாலம்தான். பல நாள் சுழியோடியவர்கள் விமானம் ஏறமுதல் 18 மணித்தியாலமாவது பொறுக்கவேண்டும் என்று உனக்குப் படிப்பித்திருப்பார்கள். உயரமான மலைக்கும் அதே கவனம் வேண்டும். ஆழத்தில் இழுக்கிற காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் ஊறிவிடும். அது மூச்சோடு மெல்ல மெல்லப் போக நேரம் வேண்டும். அதற்குள் அழுத்தம் குறைந்த இடத்துக்கு ஏறினால், மூடி திறந்த சோடாப் போத்தல் மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பும்.

பின்னேரங்களில் எங்கள் திண்ணையில் வந்து இருப்பாரே, வலது காலை இழுத்து நடப்பவர், அவர் என்னோடு அட்டைக்கு வந்தவர். பிறவியிலேயே அப்படி என்று நீ நினைத்திருப்பாய். ஒரே நாளில் சிலிண்டருக்கு மேல் சிலிண்டர் முடித்து, கடைசி இறக்கத்தில் அவசரமாக மேலே வந்தார். போட்டில் ஏறும்போது சிரித்துக்கொண்டுதான் ஏறினார். தோள்மூட்டு உளைகிறது என்றார். கரை தட்டமுன் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, சலம் போகவில்லை. திரும்பத் தண்ணிக்குள் இறக்கினால் மாறும் என்று போட்டில் இருந்த சிலர் சொன்னார்கள். நான் விடவில்லை. உனக்கும் சொல்கிறேன்: மூட்டு உளைவு, தோல் கடி, விறைப்பு, காரணமில்லாத களைப்பு, எது வந்தாலும் உடனே வாய் திறந்து சொல். ஒட்சிசன் கேள். ஷார்மில் இதற்கென்று அழுத்த அறை இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு ஹோட்டலில் போய்ப் படுக்காதே.

எங்கள் கடல் இறங்க இறங்கக் கலங்கும். அந்த இருட்டே எவ்வளவு ஆழம் என்று சொல்லித் தரும். செங்கடல் அப்படியில்லை, தண்ணீர் அவ்வளவு தெளிவு. அங்கே ராஸ் முகமது என்ற இடத்தில் முருகைக்கல் விளிம்பு முடிந்ததும் நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழம். வடிவைப் பார்த்தபடியே கீழே போய்விடுவாய். கண்ணை நம்பாமல் கையில் கட்டிய, ஆழம் காட்டுகிற மீற்றரை நம்பு. மேலே வரும்போது 5 மீற்றரில் மூன்று நிமிடம் கட்டாயம் நில். தஹாபில் புளூ ஹோல் என்ற இடத்துக்குக் கூப்பிட்டால், அங்கே 50 மீற்றருக்கும் கீழேயுள்ள வளைவைத் தேடிப் போய் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்.

செங்கடலில் தாண்ட திசில்கோம் கப்பலைப் பற்றி எனக்கு விபரமாக எழுது. 1941 ஒக்ரோபரில் ஜேர்மன் விமானங்கள் குண்டு போட்டுத் தாட்ட பிரித்தானியச் சரக்குக் கப்பல், மோட்டார் சைக்கிள்களும் லொறிகளும் அடுக்கியபடி 30 மீற்றரில் கிடக்கிறது. 2006 கடைசியில் எங்கள் கரையில் தட்டிய ஃபாரா கப்பலை நீ பார்த்து வளர்ந்தாய். அது வெறும் இரும்பாய் நின்றது. திசில்கோமில் ஒன்பது பேர் செத்தார்கள். சண்டைக்குள் வளர்ந்த பிள்ளை நீ, அந்தக் கப்பலில் இருந்து ஒரு ஆணியும் எடுக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

ஷார்மில் நாமா பே என்ற கடற்கரைப் பக்கம் இரவு ஆட்டம் பாட்டத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. லண்டனில் ஓய்வில்லாமல் வேலை செய்கிற பிள்ளை, ஆடத்தான் வேண்டும். மறுநாள் கடல் என்றால் மட்டும் குடி வேண்டாம். உடம்பில் தண்ணீர் வற்றினால் நான் சொன்ன அந்தக் குமிழி வருத்தம் வருவது இன்னும் லேசு.

ஆகவே இப்படி மாற்று. போய்ச் சேர்ந்து ஒரு இரவு நல்ல நித்திரை, பிறகு மலை. கடைசியில் 750 படி வரும். கோடையிலும் விடியப்புறம் உச்சியில் குளிரும், ஜக்கெற் கொண்டு போ. குளத்தைக் கண்டு வளர்ந்த எங்களுக்குத் தண்ணி இல்லாத நிலம் பழக்கமில்லை, போத்தலைக் கையில் வைத்திரு. அதற்குப் பிறகு கடல். கடல் முடிந்த மறுநாள் தாழ்வான பக்கப் பாலைவனத்துக்குப் போய், பெடூயின் ஆட்கள் தருகிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்து, இரவு விடியவிடிய ஆடு. அதற்கு அடுத்த நாள் விமானம்.

மலை உச்சியில் மன்றாடச் சொல்லி அம்மா பெயர்கள் எழுதித் தந்திருக்கிறா. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஒழுங்கை மாற்றியதும் எனக்குச் சொல். நாள் மாற்றக் கூடக் காசு கேட்டால் யோசிக்காதே, அதை நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா
முல்லைத்தீவு