மூணு கிடாரும் முட்டிக்கொள்ளும் பேண்டுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

இங்கிலாந்தின் ராக் குழுவான ரேடியோஹெட்டின் 'த பெண்ட்ஸ்' ஆல்பத்திலிருந்து நாலு பாட்டை மேடையில் வாசிக்கப் போகிறோம், ஆனால் வெறும் இரைச்சல்தான் வருகிறது என்று எழுதியிருந்தாய். கிடார் வாசிக்கும் மூணு பேரும் ஒரே கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டை) ஒரே இடத்தில் பிடித்து அடித்தால் வேறென்ன வரும்? 1995 மார்ச்சில் வந்த அந்த ஆல்பத்தின் பலமே வேலைப் பங்கீடுதான். அவர்களிடமும் மூணு கிடார்தான்: பெரும்பாலும் டாம் யார்க் ரிதம் பிடிப்பார், எட் ஓ'பிரையன் பின்னால் பரப்புவார், ஜானி கிரீன்வுட் நடுவில் புகுந்து வெட்டுவார். பாட்டுக்குப் பாட்டு இது மாறும் என்றாலும், மூவரும் ஒரே நேரத்தில் ஒரே வேலை செய்வது அபூர்வம்.

புது கிடார் வாங்காதே. ஆல்பத்துக்காக ஜானியே வாடகைக்குக் கிடாரும் ஆம்ப்பும் எடுத்து நாள்கணக்கில் சோதித்துவிட்டு, கடைசியில் தன் பழைய டெலிகாஸ்டர் கிடாருக்கே திரும்பினார்.

'மை அயன் லங்' பாட்டுக்கு வாமி பெடல், அதாவது காலால் அழுத்தி சுரத்தை மேலே கீழே நகர்த்தும் கருவி, கட்டாயம் வேண்டும். கிடாரிலிருந்து வரும் கேபிள் முதலில் வாமிக்குப் போகட்டும். ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் அதற்குப் பிறகுதான். மாற்றிப் போட்டால், ஏற்கெனவே கலங்கிய சிக்னலில் சுரத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் வாமி உளறும். ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே வைத்து, பெடலை முன்பக்கம் முழுக்க அழுத்திவிட்டு, திரும்பத் திரும்ப வரும் அந்த ரிஃப்பை டிஸ்டார்ஷன் இல்லாமல் கிளீனாக வாசி. இரண்டு கம்பி சேர்ந்து ஒலிக்கும்போது லேசாகத் தடுமாறும். அதைச் சரிசெய்யப் போகாதே, பாட்டின் குணமே அந்தத் தடுமாற்றம்தான். புது மாடல் வாமியில் கிளாசிக், கார்ட்ஸ் என்று இரண்டு நிலை இருக்கும். கார்ட்ஸில் வைத்தால் வழுவழுவென்று சப்பென்றாகிவிடும், கிளாசிக்கில் வை. ரெக்கார்டில் இருப்பதும் 1994 மே மாதம் லண்டன் அஸ்டோரியா மேடையில் வாசித்ததுதான், குரலை மட்டும் பிறகு மாற்றினார்கள். ஆகவே உங்களாலும் மேடையில் முடியும்.

'ஜஸ்ட்' பாட்டில் கெயினை, அதாவது கரகரப்பின் அளவை, பாதியாகக் குறை. ஜானி ஏறிக்கொண்டே போகும் அந்த வரிசை, ஒரு முழுச்சுரம் ஒரு அரைச்சுரம் என்று மாறி மாறி வரும் எட்டுச்சுர ஸ்கேல். கெயின் அதிகமானால் அரைச்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், ஏறுகிற உணர்வே போய்விடும்.

'ஸ்ட்ரீட் ஸ்பிரிட்' கேட்க எளிது, கையை ஒடிக்கும். ஏ மைனரைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் கம்பியில் மட்டும் விரலை நகர்த்து. சுண்டுவிரலால் மூன்றாம் கட்டையைத் தொடும்போது மற்ற விரல்கள் எழும்பினால் கம்பிகள் செத்துவிடும். தாளம் தட்டும் மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, ஐந்து நிமிடம் நிற்காமல் வாசித்துப் பார். மணிக்கட்டு இறுகினால் இன்னும் குறை. ஆல்பத்தில் இதை வாசிப்பது எட். மற்ற இருவரும் முதல் வரிகளில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம்.

'ஹை அண்ட் டிரை' பற்றியும் கேட்டிருந்தாய். அது 1993-லேயே எடுத்த டெமோ, பிறகுதான் ஆல்பத்தில் சேர்த்தார்கள். ஒரு ஒத்திகை போதும். மிச்ச நேரத்தை வாமிக்குக் கொடு.

அன்புடன்,
அண்ணன்