நெல் விளைந்த ஊருக்குப் போகிறோம்: சார்ல்ஸ்டன் பயணக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வட கரோலினாவின் சார்லட்டிலிருந்து, போரில் இறந்த அமெரிக்க வீரர்களுக்கான நினைவு நாள் விடுமுறைக்குத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் கிளம்பும் குடும்பங்களுக்கு,

வணக்கம். வாட்ஸ்அப்பில் வந்த பயணத் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். சனிக்கிழமை காலை கிளம்பி மதியத்துக்குள் போய்ச் சேர்வது, சாயங்காலம் குதிரை வண்டி, ரெயின்போ ரோ வண்ண வீடுகள். ஞாயிறு காலை ஒரு தோட்ட மாளிகையின் ஓக் மரச் சாலையில் பட்டுப்புடவை, வேட்டியோடு குடும்பப் படப்பிடிப்பு, பிறகு ஃபாலி கடற்கரை. திங்கள் கிங் தெருவில் கடைகள். அறை பிடிப்பதிலிருந்து பிள்ளைகளின் தயிர்சாதம் வரை யோசித்துப் போட்ட திட்டம். அதில் ஞாயிறு காலையை மட்டும் மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். குழுவில் நாலு வரியில் போட்டால் வாதமாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் அந்த ஊருக்குப் போயிருந்தோம். சிட்டி மார்க்கெட்டில் ஒரு அம்மா கூடை தைத்துக்கொண்டிருந்தார். அங்கே கூடையைப் பின்னுவதாகச் சொல்வதில்லை, தைப்பதாகத்தான் சொல்கிறார்கள். ஸ்வீட்கிராஸ் என்ற வாசனைப் புல்லைச் சுருள் சுருளாகச் சுற்றி, அந்த ஊர்ப் பனையான பால்மெட்டோவின் ஓலைக் கீற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். ஓட்டை போட, காம்பை மட்டும் வைத்துக்கொண்ட ஒரு பழைய ஸ்பூன். பக்கத்தில் அகலமாக, விளிம்பு தாழ்ந்த ஒரு தட்டு இருந்தது. என் மனைவி அதைக் கையில் எடுத்தாள். கை தானாக ஒரு தரம் புடைத்தது. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "ரைஸ்" என்றார்.

அது முறம்தான். நம் வீட்டில் மூங்கிலில் இருந்தது, அங்கே புல்லில் இருக்கிறது. சிரித்த முகத்திடம் நான் பேரம் பேசினேன். பாதி விலைக்குக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து தையலைத் தொடர்ந்தார். வாங்காமல் வந்துவிட்டோம். பெரிய கூடை ஒன்றுக்கு வாரக்கணக்கில் உழைப்பு போகும் என்று பிறகுதான் தெரிந்தது. இன்றுவரை அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. தயவுசெய்து நம்மில் யாரும் அங்கே பேரம் பேச வேண்டாம்.

அந்த முறம் அங்கே வந்த கதைதான் அந்த ஊரின் கதை. 1670-இல் ஆங்கிலேயர் குடியேறிய ஊர் அது. சில பத்தாண்டுகளில் அதைச் செல்வச் செழிப்பாக்கியது நெல். 'கரோலினா கோல்ட்' என்று பேர்பெற்ற அரிசி. நிலம் வாங்கிய வெள்ளைக்காரர்களுக்கு நெல் வேளாண்மை பழக்கமில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய சியரா லியோன், காம்பியா பக்கத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்தவர்கள். அவர்களைப் பிடித்து வந்து அடிமையாக விற்றார்கள். சதுப்புக் காட்டை வெட்டி, கரை எடுத்து, மதகு வைத்து, கடல் ஏற்றத்தோடு ஆற்று நீர் ஏறும்போது வயலுக்குப் பாய்ச்சி, இறங்கும்போது வடித்தார்கள். இடுப்பளவு சேற்றில், கொசுவிலும் காய்ச்சலிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அறுத்த நெல்லை மர உரலில் உலக்கையால் குத்தியவர்கள் பெண்கள். குத்தியதைப் புடைத்தது அந்த முறம். நாம் படமெடுக்கப் போகும் வண்ண வீடுகளுக்கும் மாளிகைகளுக்கும் பணம் வந்தது இந்த வழியில்தான். ஊரின் பழைய செங்கற்களை உற்றுப் பார்த்தால் சிலவற்றில் விரல் பதிவு இருக்கும். ஈரக் களிமண்ணைத் தூக்கிவைத்த அடிமைகளின் விரல்கள் அவை. சில பதிவுகள் குழந்தை விரல் அளவு.

நான் தஞ்சாவூர்க்காரன். 'பண்ணையாள்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவன். நட்டவனுக்கு நிலம் இல்லாததும், அறுத்தவளுக்கு அரிசி இல்லாததும் எனக்கு அமெரிக்கா வந்து தெரிந்த சங்கதிகள் அல்ல. இரண்டு கொடுமையும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வயல்களைப் பார்த்தால் நமக்குப் புரியாமல் போகாது. அப்படிப்பட்ட நாம், அடிமைகள் உழைத்த அந்தத் தோட்ட மாளிகையில் அவர்களின் குடிசைகளைப் பின்னணியாக வைத்துப் பட்டுப்புடவையில் சிரித்து நிற்கக் கூடாது என்பது என் தாழ்மையான கருத்து.

அதனால் ஞாயிறு காலை பத்து மணிக்கு நாம் கேட்ஸ்டன் துறைக்குப் போவோம். வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் சார்ல்ஸ்டன் வழியாக வந்தவர்கள் என்று மதிப்பிடுகிறார்கள். 1808-இல் இறக்குமதித் தடை வருவதற்கு முந்தைய கடைசி ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் கால் வைத்தது இந்தத் துறையில்தான். விலை ஏறட்டும் என்று கிடங்கில் அடைத்துவைத்து, குளிரில் செத்தவர்கள் உண்டு. அங்கே 2023 ஜூனில் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறந்தார்கள். அந்த மண்ணை மிதிக்கக் கூடாது என்று கட்டடத்தையே தூண்களின் மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கீழே தரையில், அடிமைக் கப்பலில் அடுக்கிவைத்ததுபோல் மனித உருவங்கள். தண்ணீர் அவற்றை மூடும், பிறகு வடியும். கீழ்த் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. மேலே போக முன்பதிவு செய்துவிடலாம். திங்கள் வழக்கமாக விடுமுறை என்பதால் ஞாயிறை விட்டால் வாய்ப்பில்லை.

சம்டர் கோட்டைக்குப் படகு ஏறும் துறை அங்கிருந்து நடக்கும் தூரம். அடிமைமுறையை விடமாட்டோம் என்று பிரிந்த தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், 1861 ஏப்ரல் 12-இல் முதல் குண்டு விழுந்த கோட்டை. படகில் பிள்ளைகளுக்கு ராபர்ட் ஸ்மால்ஸ் கதையை நானே சொல்கிறேன். 1862 மே மாதம் ஒரு விடியலில், அடிமையாயிருந்த அந்த மாலுமி, தெற்கத்தியரின் 'பிளாண்டர்' கப்பலைத் தன் குடும்பத்தோடும் கூட்டாளிகளோடும் ஓட்டிக்கொண்டு, கப்பல் தலைவரின் தொப்பியை வைத்துக்கொண்டு, இதே கோட்டையின் பீரங்கிகளைத் தாண்டி விடுதலைக்குப் போனார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். பத்து வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்?

தோட்ட மாளிகை பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஜேம்ஸ் தீவில் உள்ள மெக்லியோட் தோட்டம். ஃபாலி கடற்கரைக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது. அங்கே வழிகாட்டிகள் குடிசைகளில் வாழ்ந்தவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். ஓக் மரமும் உண்டு, நிழலும் உண்டு.

சில்லறை விஷயங்கள். குதிரை வண்டி எந்தப் பாதையில் போகும் என்பது கிளம்பும்போது குலுக்கலில்தான் தெரியும். வண்ண வீடுகளை நடந்தே பார்த்துவிடுங்கள். கடல் ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது சில தெருக்களில் மழை இல்லாமலே தண்ணீர் நிற்கும், வண்டியை நிறுத்துமுன் பார்க்க வேண்டும். சைவக் குடும்பங்கள் கவனிக்க: சிவப்புச் சாதம், காராமணிச் சாதமான ஹாப்பின் ஜான், வெண்டைக்காய் சூப் எல்லாம் நம் சாப்பாடு போலவே இருக்கும், ஆனால் பெரும்பாலும் பன்றிக்கறி சேர்த்திருப்பார்கள். கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

கால்ஹூன் தெருவில் மதர் இமானுவேல் தேவாலயத்தின் முன் ஒரு நிமிடம் நிற்போம். 2015 ஜூன் 17 இரவு வேதபாடத்துக்கு உட்கார்ந்திருந்த ஒன்பது பேரை, அவர்களோடு வந்து உட்கார்ந்த ஒரு வெள்ளை நிறவெறியன் சுட்டுக் கொன்ற இடம்.

திங்கட்கிழமைக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கடைகளுக்கு முன் ஹாம்ப்டன் பூங்கா. போர்க்காலத்தில் அது குதிரைப் பந்தயத் திடல், அங்கே சிறை வைக்கப்பட்டுச் செத்த வடக்கத்திய வீரர்களை அள்ளிப் புதைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் அந்த ஊரின் கறுப்பின மக்கள் 257 உடல்களை முறைப்படி அடக்கம் செய்து, சுற்றிலும் வேலி போட்டார்கள். 1865 மே 1-இல் சுமார் பத்தாயிரம் பேர் ஊர்வலமாக வந்தார்கள். முன்னால் நடந்தவர்கள் ஏறத்தாழ 3,000 பள்ளிப் பிள்ளைகள், கையில் ரோஜாப் பூக்கள். அமெரிக்காவின் முதல் நினைவு நாள் இதுதான் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. நாம் விடுமுறை எடுத்துப் போவதே அந்த நாளின் பேரில்தான்.

நம் குழுவில் பதினொரு பிள்ளைகள். ஆளுக்கொரு ரோஜா ஞாயிறு மாலையே வாங்கி வைத்துவிடுகிறேன். செலவு என்னுடையது. அருங்காட்சியகச் சீட்டுக்கு எத்தனை பேர் என்று மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் குழுவில் ஒருவன்