அடுத்த வேலை எது, ஆசிரியரே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசியக் கல்வித் திட்டம் பற்றிய உங்கள் தலையங்கத்தில், "பள்ளிச் சேர்க்கையில் பெண்கள் ஆண்களை எட்டிவிட்டனர், திட்டமிடுவோர் இனி அடுத்த வேலையைப் பார்க்கலாம்" என்று ஒரு வரி. அந்த அடுத்த வேலை எதுவென்றும் சொல்லியிருந்தால் நாங்களும் தெரிந்துகொண்டிருப்போம்.

பக்கத்திலேயே அட்டவணை. தொடக்கப் பள்ளியில் பாலினச் சமநிலைக் குறியீடு 1 என்று தடித்த எழுத்தில். பெண்களின் சேர்க்கை விகிதத்தை ஆண்களின் விகிதத்தால் வகுத்தால் வருவது அது, உங்களுக்குத் தெரியாததல்ல. இரு தரப்பிலும் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கே வராவிட்டாலும் விடை 1தான். 2000இல் செனகலின் டாக்கரில் உலகக் கல்வி மாநாட்டில் கூடிய நாடுகள் பாலின இலக்கை இரண்டாகப் பிரித்துத்தான் உறுதி கொடுத்தன: சேர்க்கையில் ஆண், பெண் இடைவெளியை 2005க்குள் மூடுவது, கல்வியில் பாலினச் சமத்துவத்தை 2015க்குள் அடைவது. முதலாவதையே பல நாடுகள் கெடுவுக்குள் எட்டவில்லை. நீங்கள் இரண்டையும் ஒரே வரியில் முடித்துவைத்துவிட்டீர்கள். நல்ல வேகம்.

நான் கணக்கு டீச்சர். "4 ஆண்கள் அல்லது 6 பெண்கள் ஒரு வேலையை 12 நாட்களில் முடிப்பர்" என்று வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதியவள். ஒரு மாணவி எழுந்து, "நாங்க மட்டும் ஏன் டீச்சர் ஆறு பேர்?" என்றாள். பாடநூல் குழுவுக்கு எழுதினேன். கணக்கில் பிழை இல்லை என்று பதில் வந்தது. பாடநூல்களைத் திருத்தி இந்த மாதிரி எண்ணங்களை நீக்க வேண்டும் என்று, பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையின் 10ஆம் பிரிவு 1979லேயே சொல்லிவிட்டது. பெண்களின் இடைநிற்றலைக் குறைப்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஞாபகம் இருந்தால் சரி.

அப்புறம் திட்டக் குழுக்கள். ஒரு முறை என்னையும் அழைத்தார்கள். கூட்டக் குறிப்பு எழுதும் வேலை யாரும் சொல்லாமலே என் பக்கம் நகர்ந்து வந்தது. வரைவில் பாலினச் சமத்துவத்துக்கென்று தனி அத்தியாயம், படிக்கவே அழகாக இருந்தது. பின்னால் செலவு மதிப்பீட்டைப் புரட்டினால் அதற்கென்று ஒரு வரி இல்லை. கழிப்பறைக்குத் தண்ணீர், தூரத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து, குழந்தை பெற்ற பிறகு படிக்க வருகிறவளைத் திரும்பச் சேர்ப்பது, இதற்கெல்லாம் பணம் வேண்டாமா என்று கேட்டேன். "எல்லாத் தலைப்பிலும் கலந்திருக்கிறது, மேடம்" என்றார்கள். கலந்தது எதில் கரைந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. இதை அப்போதே உங்களுக்கும் எழுதினேன். மகளிர் இணைப்பில் மூன்று வரியாகப் போட்டீர்கள். நன்றி.

இப்போது கேட்பது பெரிதல்ல. அந்த அட்டவணையை மறுபடி வெளியிடுங்கள். மேல்வகுப்புகளில் இடைநிற்றல், தலைமையாசிரியர்களில் பெண்கள் எத்தனை பேர், இந்த இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். பள்ளிகள் வருடாவருடம் அனுப்பும் படிவத்தில் இரண்டும் உண்டு. நிரப்பி அனுப்பியவள் சொல்கிறேன். இடம் போதாவிட்டால் வழக்கம்போல் என் கடிதத்தில் வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை