லோஷன் வாங்குவதை விடு, டியூபை எடு

அன்புள்ள மேரி,

நீ வார்டு இன்சார்ஜ் ஆகிவிட்டாய் என்று கேட்டு ரொம்ப சந்தோஷம், ட்ரீட் பற்றித் தனியாகப் பேசிக்கொள்வோம். யூரின் இன்ஃபெக்‌ஷன் குறையவே மாட்டேன் என்கிறது, கதீட்டர், அதாவது சிறுநீர் வெளியேற மூத்திரப்பைக்குள் விடும் டியூப், போட்ட இடத்தைத் துடைக்க எந்த லோஷன் நல்லது என்று கேட்டிருந்தாய். லோஷனே வேண்டாம்டி. 2009-ல் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி வெளியிட்ட வழிகாட்டியிலும், டியூப் உள்ளே இருக்கும்வரை அந்த இடத்தை ஆன்டிசெப்டிக் போட்டுத் துடைக்க வேண்டாம் என்றுதான் இருக்கிறது. தினமும் உடம்பு துடைக்கும்போது சோப்பும் தண்ணீரும் போதும், மோஷன் போனால் உடனே இன்னொரு தடவை.

அதைவிட முக்கியம், காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று, இவருக்கு இன்றைக்கும் டியூப் எதற்கு என்று கேள். பல பேருக்குப் பதில் இருக்காது. கேஷுவாலிட்டியில் அவசரத்துக்குப் போட்டிருப்பார்கள், வார்டுக்கு வந்தபிறகு எடுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றியிருக்காது. டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம், ஒரு மாதம் இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் சேர்ந்துவிடும். டியூபின் சுவரில் வழவழவென்று ஒரு படலம் கட்டிக்கொண்டு கிருமி அதற்குள் பதுங்கிக்கொள்கிறது, அப்புறம் ஆன்டிபயாட்டிக் ஊசி அங்கே சரியாக எட்டுவதில்லை. நைட் டியூட்டியில் ஆள் குறைவு, டியூப் இருந்தால் துணி மாற்றும் வேலை மிச்சம் என்று நம்மில் பலர் வாயை மூடிக்கொள்கிறோம், அதுதான் உண்மை. ஆண்களுக்கு உள்ளே விடாமல் வெளியே உறைபோல் மாட்டும் காண்டம் கதீட்டர் போதுமா என்றாவது கேட்டுப் பார்க்கலாம்.

டியூபிலிருந்து சிறுநீர் வந்து சேரும் பை விஷயம் உனக்குத் தெரியாததில்லை, ஆனால் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒருநாள் கூடவே போய்ப் பார். பையைத் தூக்கி நோயாளியின் கால்களுக்கு நடுவே வைத்துவிடுவார்கள், டியூபில் தேங்கி நின்றதெல்லாம் திரும்ப உள்ளே ஓடும். கிளம்பும் முன்பே பையைக் காலி செய்து, மூத்திரப்பை மட்டத்துக்குக் கீழே தொங்கவிடச் சொல், அதற்காகத் தரையில் போட்டுவிடவும் கூடாது. நான் முன்பு இருந்த ஒரு வார்டில் ஒரே மக்கை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய்ப் பையைக் காலி செய்வார்கள், கிளவுஸ்கூட மாற்றமாட்டார்கள், பையின் முனை அந்த மக்கின் விளிம்பில் இடித்துக்கொண்டே இருக்கும். ஆளுக்கொரு மக் வாங்கி அதில் கட்டில் நம்பரை எழுதி வை, ஸ்டோரில் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் லேப் சோதனைக்கு, பையிலிருந்து சிறுநீர் எடுத்து அனுப்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், நம்பு. டியூபில் சாம்பிள் எடுக்கவென்றே இருக்கும் வாயை, சாம்பிள் போர்ட்டை, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து சிரிஞ்சில் எடுக்க வேண்டும். ஜுரம், வலி எதுவும் இல்லாத ஆளுக்கு சும்மா கல்ச்சர் அனுப்பாமல் இருப்பது இன்னும் நல்லது, ரிப்போர்ட்டில் ஏதாவது வளர்ந்திருந்தால் டியூட்டி டாக்டர் உடனே தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் ஊசி எழுதிவிடுவார்.

சீஃப் டாக்டரிடம் பேசி, தேவை முடிந்தால் ஒவ்வொரு தடவையும் டாக்டரைக் கேட்காமல் நர்ஸே டியூபை எடுக்கலாம் என்று ஒரு ஸ்டாண்டிங் ஆர்டர் எழுதி வாங்கப் பார். எடுத்தபின் நாலைந்து மணி நேரத்துக்குள் சிறுநீர் போனாரா என்று மட்டும் கவனிக்கச் சொல். எழுதித் தருவாரா மாட்டாரா என்று அடுத்த கடிதத்தில் சொல், மறுத்தால் என்ன காரணம் சொன்னார் என்றும் எழுது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வி